இடதாருக்கும் வலதாருக்கும் நடுவில் ஒரு பஸ்

அன்றைக்கு அழைப்பாகப் போகிற முறை தனபாலுடையது.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இருக்கும் அந்தச் சோதனைக்கூடத்தில் செல்பேசிகளைச் சோதித்துக் கொடுப்பார்கள். செல்பேசியைச் சோதிக்க ஓர் அழைப்பு வேண்டும். அழைப்பு என்றால் வெறும் சத்தம் இல்லை, உள்ளே ஓர் ஆள் இருக்க வேண்டும். ஆள் இல்லாத அழைப்பைச் சோதனைக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் ஊழியர்கள் முறை வைத்துக்கொண்டு போய் வந்தார்கள். காலையில் டிபன் டப்பாவோடு இடது பெட்டிக்குள் ஏறினால், வலது பெட்டி வழியாக இறங்கி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். யாரும் முகம் சுளித்ததில்லை. உட்கார்ந்து போகிற வேலை, அதுவும் ஜன்னலோரம்.

மேசையின் இடது ஓரத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. வலது ஓரத்தில் இன்னொன்று. ஒவ்வொன்றும் தன்னை ஒரு செல்போன் டவர் என்று நினைத்துக்கொண்டிருந்தது. அப்படி நினைப்பதற்காகத்தான் அவற்றை வாங்கியிருந்தார்கள். இடது பெட்டி ஓர் ஊர், வலது பெட்டி அடுத்த ஊர். அழைப்பு பஸ் ஏறி அந்த ஊரிலிருந்து இந்த ஊருக்கு வரும். எல்லையில் இடது பெட்டி, கூடத்து இயந்திரங்களையெல்லாம் இணைக்கிற லேன் கேபிள் வழியாக, வலது பெட்டியிடம் ‘ஒருத்தர் வர்றார், பார்த்துக்குங்க’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் அழைப்பு அறுபடாமல் கை மாறும். சொல்லாவிட்டால் அறுந்துபோகும். சோதனை அவ்வளவுதான்.

பெட்டிகளை யாரும் பெட்டி என்று சொல்வதில்லை. இடதார், வலதார் என்றே சொல்வார்கள். அவற்றின் விலை அப்படி.

இந்த இருவரையும் இணைத்துவிடுவது சுகந்தியின் வேலை. சுகந்தி தனபாலின் மனைவி. அன்று காலை வீட்டில் ஒரு தகராறு. ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டது யார் என்பது பற்றி. பஸ்ஸில் வரும்போதும் தகராறு, சோதனைக்கூட வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் தகராறு. “அந்தத் துண்டு...” என்று தனபால் ஆரம்பித்தபோது முறைக்கு மணி அடித்துவிட்டார்கள். அவன் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு இடதாரின் முன்னால் நின்றான்.

“போயிட்டு வரேன்,” என்றான்.

சுகந்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போயிட்டு வாங்க என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஒன்றும் குறையாது. ஆனாலும் அவள் சொல்லவில்லை. அவன் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு ஏறிப் போய்விட்டான்.

சற்று நேரத்தில் சோதனைச் செல்பேசி ஒலித்தது.

“சுகந்தி, பஸ் நிக்குது,” என்றான் தனபால்.

“எங்க?”

“எல்லைல. அந்தப் பக்கம் ரோடு இருக்கு. ஆனா அது இன்னும் வரலைங்கறார் கண்டக்டர்.”

சுகந்தி வலதாரின் திரையைப் பார்த்தாள். அதில் ‘பார்த்துச் சொல்கிறோம்’ என்று இருந்தது. இடதாரின் திரையைப் பார்த்தாள். அங்கேயும் அதேதான். பார்த்துச் சொல்கிறோம் என்று சொன்னவர்கள் எப்போது சொல்லியிருக்கிறார்கள்?

பக்கத்து மேசை செண்பகம் எழுந்து வந்தாள். சுகந்திக்கு மூத்தவள், அமைதியானவள். போன வருஷம் அவளுடைய கணவர் அழைப்பாகப் போன அன்றைக்கு அழைப்பு அறுந்துவிட்டது. உடனே மறுபடி போட்டார்கள். ஆள் வந்தார். ஆனால் வேறு ஆள். அறுந்த அழைப்பை மறுபடி போட்டால் வேறு ஆள்தான் வருவார். பெயர் அதேதான், சட்டை அதேதான், டிபன் டப்பாவில் இருந்த எலுமிச்சை சாதமும் அதேதான். செண்பகம் அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வேறு என்ன செய்வது?

“எப்படிக்கா இருக்கார்?” என்று யாராவது கேட்டால், “நல்லவர்தான். காப்பிக்குத்தான் சர்க்கரை கொஞ்சம் கூட வேணும்,” என்பாள்.

இப்போது அவள் செல்பேசியின் திரையைக் காட்டினாள். “சிக்னல் கோடு குறையுது பாரு.”

“ஏங்க, பஸ்ல எத்தனை பேர் இருக்காங்க?” என்று சுகந்தி செல்பேசியில் கேட்டாள்.

“கூட்டமாத்தான் இருந்துச்சு. ஒவ்வொருத்தரா இறங்கிப் போறாங்க.”

“எங்க போறாங்க?”

“கேட்டேன். கோடு குறைஞ்சா இறங்கணுமாம்.”

சுகந்தி தனபாலை நினைத்தாள். குறட்டை விடுகிறவன், கதவைச் சாத்தாதவன், தோசையை நடுவிலிருந்து பிய்க்கிறவன். எல்லாம் உண்மைதான். ஆனால் அவளுக்கு அந்த ஆள்தான் வேண்டும். அதே மாதிரி இன்னொருவர் வேண்டாம்.

முதலில் அவள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தாள். லேனில் பொதுவாக ஒரு குரல் கொடுத்தாள். ‘எல்லோரும் வந்து இணைந்துகொள்ளவும்’ என்று ஒரு செய்தி. பிரிண்டர் உடனே ‘வந்துட்டேன்’ என்றது. வருகைப் பதிவு இயந்திரம் ‘கண்டிப்பா வரோம்’ என்றது. குடிநீர் இயந்திரத்துக்கு லேனே கிடையாது. அதுவும் ‘குடும்பத்தோட வரோம்’ என்றது. இடதாரின் திரையிலும் வலதாரின் திரையிலும் ஒரே நேரத்தில் ஒரே வரி வந்தது: ‘ஊருக்குச் சொன்ன மாதிரி எங்களுக்கும் சொன்னால் எப்படி?’

“கோவிச்சுக்கிட்டாங்க,” என்றாள் செண்பகம். “பொதுவாக் கூப்பிட்டா சொந்தக்காரங்க வருவாங்களா? நேர்ல போய்க் கூப்பிடணும். தட்டோட.”

“தட்டுக்கு எங்கக்கா போறது?”

செண்பகம் தன் டிபன் டப்பாவின் மூடியைத் துடைத்துக் கொடுத்தாள். கேன்டீனில் இருந்து இரண்டு வாழைப்பழம் வந்தது. வெற்றிலை கிடைக்கவில்லை. கறிவேப்பிலை வைத்துக்கொண்டார்கள். குங்குமத்துக்குச் சிவப்பு மார்க்கர்.

சுகந்தி தட்டை ஒரு கையிலும் செல்பேசியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு மேசைக்கு அடியில் குனிந்தாள். நீல நிறக் கேபிள் போகிற வழியே உள்ளே நடந்தாள். ஒரு கை நீளக் கேபிள்தான், அவளே வெட்டிப் பொருத்தியது. ஆனால் நடக்க நடக்க நீண்டுகொண்டே போனது. வழியில் ஒரு டீக்கடைகூட வந்தது. கடைசியில் ஒரு தெருவில் கொண்டுபோய் விட்டது. இரண்டு பக்கமும் ஒரே அளவு வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

முதல் வீட்டு வாசலில் பிரிண்டர் வீட்டு அம்மா உட்கார்ந்து காகிதம் மென்றுகொண்டிருந்தாள்.

“யார் வீட்டுக்கும்மா?”

“இடதார் வீட்டுக்கு.”

“பத்தாம் நம்பர்.”

“வலதார் வீடு?”

“அதுவும் பத்தாம் நம்பர்தான்.”

சுகந்தி நின்றுவிட்டாள். “ரெண்டு பேருக்கும் ஒரே நம்பரா? யார் போட்டது?”

“நேத்து சாயங்காலம் உங்க சார்தான் வந்து மாத்தி எழுதிட்டுப் போனார். நல்ல கையெழுத்து.”

சுகந்தி அண்ணாந்து பார்த்தாள். வானத்தில் மேசையின் அடிப்பக்கம் தெரிந்தது. அதில் யாரோ ஒட்டிய சூயிங்கம்மும் தெரிந்தது. மேசை விளிம்பில் அருள்தாஸ் சாரின் முகம் எட்டிப் பார்த்தது. அவர் சோதனைக்கூடத்தின் தலைவர். யார் மனமும் நோகக்கூடாது என்று நினைக்கிறவர். பிறந்தநாள் கேக்கை ஸ்கேல் வைத்து வெட்டுவார்.

“சார், ரெண்டு பேருக்கும் பத்துன்னு போட்டிருக்கீங்களே?”

“ஆமாம்மா,” என்றது வானம். “ஒரே வருஷம் வாங்கினோம். ஒரே விலை. ஒருத்தருக்குப் பத்து, இன்னொருத்தருக்குப் பதினொண்ணுன்னு போட்டா மனசு கஷ்டப்படாதா?”

“ஒரே நம்பர்ல ரெண்டு பேர் இருந்தா எப்படி சார் பேசிக்குவாங்க?”

“பேசலைன்னாலும் சண்டை இல்லையேம்மா,” என்று சொல்லிவிட்டு முகம் மறைந்தது.

பத்தாம் நம்பர் வீட்டுக்கு ஒரே வாசல். உள்ளே ஒரே நாற்காலி. அந்த நாற்காலியில் சாம்பல் நிற சஃபாரி அணிந்த இரண்டு பேர், ஆளுக்குப் பாதியாக, முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இருவருடைய நெற்றியிலும் ஒரு சின்னத் திரை. இரண்டிலும் ‘பார்த்துச் சொல்கிறோம்’ என்றே இருந்தது.

“ஐயா, வணக்கம்,” என்றாள் சுகந்தி.

‘ஐயா’ இடதாருக்குப் போனது. ‘வணக்கம்’ வலதாருக்குப் போனது. ஒரே கதவு எண் என்றால் அப்படித்தான். பாதி இவருக்கு, பாதி அவருக்கு.

“என்னம்மா, ஐயான்னு கூப்பிட்டுட்டு நிக்கிற? ஒரு வணக்கம் கிடையாதா?” என்றார் இடதார்.

“வணக்கம் சரி. யாருக்குச் சொன்ன?” என்றார் வலதார்.

சுகந்தி எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். இரண்டு தடவை சொன்னதும் இரண்டு பாதியாகத்தான் போனது. கடைசியில் தட்டை நீட்டினாள். தட்டை இருவரும் பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு வாழைப்பழம் இருந்ததில் திருப்தி தெரிந்தது. பிறகு இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

“தனியாவா வந்த? வீட்டுக்காரர் வரலையா?”

அழைக்க வருகிறவர்கள் ஜோடியாக வர வேண்டும். சுகந்திக்குத் தெரியாததா? அவள் செல்பேசியை நீட்டினாள். “லைன்ல இருக்கார்.”

“வணக்கங்க. கண்டிப்பா வந்துடணும். பஸ்ல இருக்கேன், தப்பா நினைச்சுக்காதீங்க,” என்றான் தனபால்.

இரண்டு முதுகுகளும் கொஞ்சம் இளகின. மற்றவருக்குப் போன பாதிக்கும் இருவரும் காது கொடுத்தார்கள்.

“பஸ்ல இருந்தும் கூப்பிடறாரே,” என்றார் வலதார்.

“தங்கமான பிள்ளை,” என்றார் இடதார்.

“ஐயா, உங்கள்ல ஒருத்தர் வேற நம்பர் எடுத்துக்கணும்,” என்றாள் சுகந்தி. அவசரத்தில் நேராகவே கேட்டுவிட்டாள்.

முதுகுகள் மறுபடி இறுகின. “அப்ப நான் ரெண்டாவதா?” என்றார் இடதார். “நானா ரெண்டாவது?” என்றார் வலதார்.

“யாருக்கு விட்டுக்கொடுக்கிற மனசு இருக்கோ அவங்கதானே பெரியவங்க?” என்று சுகந்தி ஐஸ் வைத்தாள்.

வைத்திருக்கக் கூடாது. இருவரும் ஒரே நேரத்தில் துள்ளி எழுந்தார்கள். “நான் விட்டுக்கொடுக்கிறேன்!” “நான்தான் விட்டுக்கொடுப்பேன்!” இருவரும் வாசலுக்கு ஓடி, பலகையில் இருந்த பத்தை அழித்து ஒன்பது என்று எழுதினார்கள். பிறகு மறுபடி ஒரே நாற்காலியில், ஆளுக்குப் பாதியாக, முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இப்போது இருவருக்கும் ஒன்பதாம் நம்பர்.

“சுகந்தி, கடைசிப் பாட்டிம்மாவும் இறங்கிட்டாங்க. நானும் கண்டக்டரும்தான்,” என்றான் தனபால். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

“இறங்காதீங்க.”

“நான் இறங்கல. டிரைவர் இறங்கிட்டார்.”

“ஏங்க, என்ன செய்யறதுன்னே தெரியல. ரெண்டு பேரும் ஒரே வாசல்ல நிக்கறாங்க.”

“நம்ம கல்யாணத்துலயும் உங்க சித்தப்பாவும் பெரிய மாமாவும் அப்படித்தானே நின்னாங்க? யாரை முதல்ல வரவேற்கிறதுன்னு.” கரகரவென்று சத்தம் வந்தது. “எங்கம்மா என்ன பண்ணாங்க, ஞாபகம் இருக்கா?”

சுகந்திக்கு ஞாபகம் வந்தது. மாமியார் ஒருவரை மண்டபத்தின் முன்வாசலில் நிறுத்தினார். இன்னொருவரைக் கூட்டிப்போய்ப் பின்வாசலில் நிறுத்தி, ‘பந்திக்கு இதுதான் முதல் வாசல்’ என்று சொல்லி, பன்னீர்ச் செம்பைக் கையில் கொடுத்தார். இருவரும் இன்றுவரை அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் வீட்டின் பின்பக்கம் போனாள். அங்கே சுவர்தான் இருந்தது. சிவப்பு மார்க்கரை எடுத்து ஒரு கதவு வரைந்தாள். தாழ்ப்பாளும் வரைந்தாள். தள்ளினாள், திறந்தது. கதவின்மேல் பதினொன்று என்று எழுதினாள். முன்வாசலில் ஒன்பதை அழித்துவிட்டுப் பத்து என்று எழுதினாள்.

“ஐயா, நீங்க இந்தப் பக்கம் வாங்க,” என்று வலதாரின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

“பதினொண்ணா? பத்துக்கு அப்புறமா?” என்றார் அவர்.

“மொய் எழுதறப்போ யாராவது பத்துன்னு எழுதுவாங்களா? பதினொண்ணுதானே மங்களம்?”

வலதார் யோசித்தார். அவருடைய முகத்தில் பச்சை விளக்கு எரிந்தது. “அது சரி,” என்று சொல்லிவிட்டுச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பின்வாசலில் போய் நின்றார்.

“அப்ப எனக்கு மங்களம் இல்லையா?” என்றார் இடதார்.

“நீங்கதானய்யா முதல்.”

இடதார் முழு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். நேற்றிலிருந்து அவருக்குப் பாதி நாற்காலிதான். “என்ன சொல்லணும், சொல்லு,” என்றார்.

“எங்க வீட்டுக்காரர் எல்லைல நிக்கறார். அவரை வழியனுப்பி வைங்க. அந்தப் பக்கம் ஐயா வாங்கன்னு கூப்பிட்டுக்குவார்.”

“செஞ்சுடலாம்,” என்றார் இடதார். பிறகு நெற்றித் திரையைத் தடவிக்கொண்டே, “போயிட்டு வாங்கன்னு சொல்லணும். ஆனா வீட்டுக்காரி சொல்றதுக்கு முன்னாடி நான் எப்படிச் சொல்றது? நீ காலைல சொல்லலையே?” என்றார்.

சுகந்தி செல்பேசியைப் பார்த்தாள். இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை. இவருக்கு முன்னால்தானே நடந்தது.

கண்டக்டரின் விசில் கேட்டது. “சுகந்தி,” என்றான் தனபால். அப்புறம் ஏதோ சொன்னான், அது வந்து சேரவில்லை.

அவளுக்குக் கோபம் இன்னும் போகவில்லை. துண்டை அவன்தான் போட்டான். அவள் கண்ணால் பார்த்தாள். ஆனால் பயம் கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது. செல்பேசியை வாயோடு வைத்து அழுத்திக்கொண்டு கத்தினாள்.

“போயிட்டு வாங்க! துண்டு விஷயம் தனி! அதை அப்புறம் பேசிக்கலாம்! போயிட்டு வாங்க!”

“போயிட்டு வாங்க தம்பி,” என்றார் இடதார், நிதானமாக.

செல்பேசி செத்த மாதிரி ஆனது. தனபால் இந்த ஊரிலும் இல்லை, அந்த ஊரிலும் இல்லை. தெருவில் எல்லாப் பச்சை விளக்குகளும் அணைந்தன. பிரிண்டர் வீட்டு அம்மா மெல்லுவதை நிறுத்தினாள். சுகந்தி இதுவரை கும்பிடாத சாமிகளையெல்லாம் கும்பிட்டாள்.

பின்வாசலில் சத்தம் கேட்டது. “வாங்க, வாங்க, வாங்க,” என்றார் வலதார். “பார்த்து, படி இருக்கு.”

விளக்குகள் எரிந்தன. சுகந்தி கேபிளைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். வரும்போது அது ஒரு கை நீளம்தான் இருந்தது.

அவள் மேசைக்கு அடியிலிருந்து எழுந்தபோது, தனபால் வலதாரின் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சட்டை அதேதான். டிபன் டப்பா அதேதான். திரையில் ‘வெற்றி’ என்று வந்திருந்தது. அருள்தாஸ் சார் இரண்டு பெட்டிகளையும் ஒரே நேரத்தில், இரண்டு கையாலும், சமமாகத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

“பார்த்துக்கோ,” என்று செண்பகம் காதோரம் சொன்னாள். “என்னோடவரும் அதே சட்டையோடதான் வந்தார்.”

சுகந்தி அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவன் தண்ணீர் குடித்தான். சட்டையில் கொஞ்சம் சிந்திக்கொண்டான். யார்தான் சிந்தமாட்டார்கள்? “காப்பிக்குச் சர்க்கரை எவ்வளவு போடட்டும்?” என்று கேட்டாள்.

“எப்பவும் போல,” என்றான் அவன். அதில் ஒன்றும் தெரியவில்லை.

அவன் டம்ளரை வைத்தான். வாயைத் துடைத்துக்கொண்டான். அவளை நிமிர்ந்து பார்த்தான்.

“அந்தத் துண்டு ஈரமாவே இல்லை,” என்றான்.

சுகந்தி அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே, “சொட்டச் சொட்ட ஈரம். மெத்தை வரைக்கும் இறங்கியிருக்கு,” என்றாள்.

“நீ தொட்டுப் பார்த்தியா?”

“தொட்டுத்தான் பார்த்தேன்.”

“நான் போட்டதை நீ பார்த்தியா?”

“பார்த்தேன்!”

சாப்பாட்டு நேரம் முழுக்கச் சண்டை போட்டார்கள். இருவரும் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள். செண்பகம் எதிரில் உட்கார்ந்து, சாப்பிடாமல், அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாங்க அன்னைக்குச் சிரிச்சுப் பேசிட்டுத்தான் பிரிஞ்சோம்,” என்றாள் கடைசியில். “ஒண்ணுமே மிச்சம் வைக்கல. இவர் சண்டையே போடறதில்லை, தெரியுமா?”

தனபால் மோர்ப் பாத்திரத்தை அவள் பக்கம் நகர்த்தினான்.

மத்தியானம் எதிர்ப்பக்கச் சோதனை, வலதாரிடமிருந்து இடதாருக்கு. முறை சுகந்தியுடையது. அவள் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வலதாரின் முன்னால் போய் நின்றாள். தனபால் பின்னாலேயே வந்தான். அவன் முகம் இறங்கியிருந்தது.

“சுகந்தி, யோசிச்சுப் பார்த்தேன். அந்தத் துண்டை நான்தான்...”

அவள் அவன் வாயைக் கையால் பொத்தினாள்.

“சொல்லாதீங்க. நான் வந்தப்புறம் சொல்லுங்க.”

அவன் புரிந்துகொண்டு தலையாட்டினான். அவள் மெதுவாகக் கையை எடுத்தாள்.

“போயிட்டு வரேன்,” என்றாள்.

“போயிட்டு வா,” என்றான்.

அவளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. கண்டக்டர் விசில் கொடுத்தார். அவள் திரும்பிப் பார்த்தபோது தனபால், சொல்ல வந்த மீதியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, உதட்டை இறுக மூடியபடி நின்றுகொண்டிருந்தான்.